இடதுகைச் சின்னவிரல்

வரிசை நகர்கிற பாடாயில்லை. பள்ளிக்கூடத்து விளையாட்டு மண்டபம், மேலே கூடைப்பந்து வளையம், கீழே பளபளவென்ற மரத்தரை, அதில் எங்கள் எல்லோருடைய சப்பாத்தும் கொண்டு வந்து சேர்த்த ஈரமும் இலையும். மொன்றியல் நகரமே வேலையைப் போட்டுவிட்டு வாக்குப் போட வந்து நிற்கிறது. கியூபெக் மாகாணம் கனடாவை விட்டுப் பிரிந்து தனி நாடாவதா, இல்லையா. வுய் என்றால் ஆம், நோன் என்றால் இல்லை. தாளில் கேள்வியை நீட்டி வளைத்து எழுதியிருக்கிறார்களாம், ஆனால் என்னத்தை வளைத்தாலும் கேட்கிற விஷயம் அதுதான். எனக்கு முன்னால் ஜினெட் நிற்கிறாள். எங்கள் கட்டடத்தில் கீழ்வீடு அவளுடையது, தையல் ஆலையிலும் என் மெஷினுக்கு அடுத்த மெஷின். காலையிலிருந்து நீலக் கோட்டில் 'வுய்' என்று ஒரு பட்டி குத்திக்கொண்டு திரிந்தாள். உள்ளே வரும்போது வாசலில் ஒருவர் கழற்றச் சொன்னார், கழற்றிக் கைப்பைக்குள் போட்டாள். ஊசி ஏறின இடம் மட்டும் கோட்டில் சின்ன ஓட்டையாகத் தெரிகிறது. அந்த ஓட்டையைப் பார்க்கிறேன், பாராமல் இருக்கப் பார்க்கிறேன், மறுபடி பார்க்கிறேன். நான் நோன் போட வந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியுமா? காலையில் தெரிந்தது. மத்தியானம் போன் வந்த பிறகு ஒன்றும் தெரியவில்லை.

போன் லண்டனிலிருந்து. அண்ணன் எடுத்தால் முதலில் இருமுவான், பிறகுதான் பேச்சு. இன்றைக்கு இருமவில்லை. "மலர், யாழ்ப்பாணம் முழுக்க வெளிக்கிட்டிட்டுதாம். ஆமி கிட்ட வந்திட்டானாம். எல்லாரும் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டிப் போகட்டாமெண்டு இயக்கப் பெடியள் மைக்கிலை சொல்லிக்கொண்டு போறாங்களாம்." அம்மா? "தெரியாது." அக்கா, அத்தான், பிள்ளைகள்? "ஒண்டும் தெரியாதடி. போனுக்குக் கிட்ட இரு." போனுக்குக் கிட்ட இரு என்றவனுக்குத் தெரியாது, இங்கே இன்றைக்கு இப்படி ஒரு காரியம் இருக்கிறதென்று. என் வீட்டுக்காரர், இவர், காலையிலேயே வந்து வாக்குப் போட்டுவிட்டார். சாமம் முழுக்க ஹோட்டல் சமையல்கட்டில் வேலை செய்துவிட்டு வந்த தூக்கக் கண்ணோடு போனுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபடி, "நீர் போட்டிட்டு வாரும், நான் இருக்கிறன்" என்றார். பிறகு, நான் கோட்டுக்குள் கையை நுழைக்கும்போது, "நோனுக்குப் போட்டிட்டுப் பேசாமல் வாரும். ஒருக்கா ஓடினது காணும்." இவருக்கு எல்லாம் லேசு. குகதாசன் என்கிற மனிதருக்கு ஒரு கேள்விக்கு ஒரு விடைதான் இருக்கும். மகள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கவேண்டும் என்று சட்டம் சொன்ன நாளிலிருந்து இவருக்கு இந்த மாகாணத்தோடு கோபம். ஆரணியோ பிரெஞ்சிலேதான் கனவு காண்கிறாள், தூக்கத்தில் பிரெஞ்சில் யாரையோ திட்டுகிறாள். பக்கத்தில் படுத்துக்கொண்டு நான் கேட்டிருக்கிறேன். எனக்கு அது சிரிப்பாகவும் இருக்கும், எழுப்பித் தமிழில் திட்டச் சொல்லவும் தோன்றும். ஒரு பிள்ளை எந்த மொழியில் திட்டுகிறதோ அதுதானே அதன் ஊர்.

அம்மாவுக்கு வலது முழங்கால் மடங்காது. கோண்டாவிலிலிருந்து நாவற்குழி எவ்வளவு தூரம் என்று மனம் திரும்பத் திரும்ப நடந்து பார்க்கிறது. சைக்கிளில் என்றால் தூரமே இல்லை. நாங்கள் சாவகச்சேரிக்குச் சித்தி வீட்டுக்குப் போகும்போது பாலத்தில் இறங்கி நின்று கடல்காற்று வாங்கி, கச்சான் தின்றுவிட்டு, பிறகு உழக்குவோம். அந்தப் பாலம்தான். ஆனால் ஒரு ஊரே அதில் ஏறினால்? அத்தான் சைக்கிளில் அம்மாவைக் கரியரில் வைத்துத் தள்ளுவாரா, சாமானை வைத்துத் தள்ளுவாரா? அம்மா விடமாட்டா. "அரிசியை வையுங்கோ, நான் நடப்பன்" என்பா. எனக்கு அவவைத் தெரியாதா. அங்கே இப்போது விடியச்சாமம், மழை பெய்கிறதாம். நினைக்காதே. முன்னால் பார். ஜினெட்டின் கழுத்துச் சால்வையில் நூல் பிரிந்திருக்கிறது, அதைப் பார். தையல்காரிக்குத் தன் சால்வையைத் தைக்க நேரமில்லை. வரிசை ஓரடி நகர்ந்தது. நானும் ஓரடி வைத்தேன், அங்கே அவர்களும் இப்படித்தான் ஓரடி ஓரடியாக நகர்கிறார்களோ என்று நினைத்ததும் கால் கூசியது. இங்கே நான் சூடேற்றிய மண்டபத்தில் நிற்கிறேன். காலில் நல்ல சப்பாத்து.

என் வாழ்க்கையில் இது இரண்டாவது வாக்கு. இரண்டும் ஒரே கேள்விக்கு. எழுபத்தேழாம் ஆண்டு எனக்கு வாக்குரிமை வந்த புதிது, தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு அப்பாவோடும் அம்மாவோடும் போய் நின்றேன். தனி நாடு வேண்டும் என்று கேட்டவர்களுக்கு நாங்கள் எல்லோரும் போட்டோம், அன்றைக்கு யாரும் யாரையும் கேட்கக்கூட இல்லை, கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரிப் போனோம். இடதுகைச் சின்னவிரலில் மை பூசினார்கள். அந்த மையைக் காட்டிக்கொண்டு வாரக்கணக்காகத் திரிந்தேன், நகம் வளர்ந்து அது நுனிக்குப் போனபோது வெட்ட மனம் வரவில்லை. அப்பா சிரித்தார். அவர் தபால் கந்தோரில் ஒரே மேசையில் இருந்து ஓய்வு பெற்றவர். சிங்களம் எழுதப் படித்துச் சோதனை பாஸ் பண்ணினால்தான் பதவி உயர்வு என்று சொன்னார்கள். இவர் பண்ணமாட்டேன் என்றுவிட்டார். இவருக்குக் கீழே வேலை பழகினவர்கள் எல்லோரும் இவருக்கு மேலே போனார்கள், இவர் அந்த மேசையிலேயே முத்திரை குத்திக்கொண்டிருந்தார். நன்றாகச் சிங்களம் பேசுவார் என்பதுதான் வேடிக்கை, சந்தையில் சிங்கள வியாபாரியோடு பேரம் பேசிச் சிரிக்கச் சிரிக்கக் கதைப்பார். "கேட்டால் கதைப்பன். கட்டளை போட்டால் கதைக்கமாட்டன்" என்பார். இதை ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் ஜினெட்டுக்குச் சொன்னேன். என் அரைகுறைப் பிரெஞ்சில் எவ்வளவு போய்ச் சேர்ந்ததோ தெரியாது, அவள் கையிலிருந்த பாண் துண்டை வைத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு அவள் தன் கதையைச் சொன்னாள். சின்ன வயதில் தாயை ஆஸ்பத்திரியில் விட்டிருந்தார்கள். டாக்டருக்கு ஆங்கிலம் மட்டும், தாய்க்குப் பிரெஞ்சு மட்டும். தெருவில் விளையாடிப் பொறுக்கின ஆங்கிலத்தோடு பத்து வயது ஜினெட் நடுவில் நின்றாள். டாக்டர் அவளிடம் சொன்னார், உன் அம்மா பிழைக்கமாட்டா, அவவிடம் சொல்லு. இவள் திரும்பித் தாயிடம், "ரெண்டு நாளில் வீட்டுக்குப் போகலாமாம்" என்று சொன்னாளாம். தாய் சந்தோஷப்பட்டு, போகும்போது போட நல்ல சட்டையைக் கொண்டு வரச் சொன்னாளாம். "அந்தச் சட்டையைத்தான் கடைசியில் போட்டுவிட்டோம்" என்றாள் ஜினெட், பாணை மறுபடி எடுத்துக் கடித்தாள். அவளுக்கு நாடு என்றால் அதுதான். ஒரு கட்டிலுக்கு இரண்டு பக்கமும் ஒரே மொழி. நான் எந்த முகத்தோடு அவளுக்கு இல்லை என்று சொல்லுவேன்? என் அப்பாவின் மகள் இல்லை என்று போடலாமா? போடலாமா என்று கேட்கிறேனே தவிர, கால் நோன் பக்கம்தான் நிற்கிறது. பயம் நியாயம் கேட்பதில்லை. தனி நாடு என்ற சொல் காதில் விழுந்தால் எனக்குக் கொடி தெரிவதில்லை, ரோட்டில் ஒற்றைச் செருப்பு தெரிகிறது. இது அந்த ஊர் இல்லை, இங்கே ஒருவர் கையிலும் துவக்கு இல்லை, பென்சிலைக் கையில் தந்து கேட்கிறார்கள் என்று எனக்கு நானே எத்தனை தரம் சொன்னாலும் அந்தச் செருப்பு போவதாயில்லை.

வெள்ளிக்கிழமை நகர நடுவில் பெரிய கூட்டம். மற்ற மாகாணங்களிலிருந்து பஸ் பஸ்ஸாக, ரயிலாக, விமானமாகச் சனம் வந்து இறங்கிக் கனடாவின் சிவப்புக் கொடியைப் பிடித்துக்கொண்டு, போகாதீர்கள், உங்களை விரும்புகிறோம் என்று கத்தினார்கள். ஜினெட் தொலைக்காட்சியைப் பார்த்துக் கொதித்தாள். "முப்பது வருஷம் திரும்பிப் பார்க்காத புருஷன், பெண்சாதி பெட்டி கட்டின பிறகு பூங்கொத்தோடு வந்து நிற்கிறான், பார்!" நான் ஆமாம் என்று தலையாட்டினேன். ஆனால் மேலே வந்து கதவைச் சாத்திக்கொண்டு குளியலறையில் இருந்து அழுதேன், இன்றுவரை யாருக்கும் சொல்லவில்லை. ஏன் அழுகை? எனக்குப் பொறாமை. எங்களுக்கு அப்படி ஒரு பஸ் வரவில்லையே. கொழும்பிலிருந்து ஒரே ஒரு பஸ், ஒரு முப்பது நாற்பது பேர், யாழ்ப்பாணம் ஸ்டாண்டில் வந்து இறங்கிப் போகாதேயுங்கள், நீங்கள் எங்களுக்கு வேண்டும் என்று கத்தியிருந்தால்? பொய்க்காவது? அப்பா போய்ப் பார்த்திருப்பார். தேத்தண்ணி வாங்கிக் கொடுத்திருப்பார். எங்களிடம் வந்தது லொறிகள்தான், அவற்றிலிருந்து இறங்கின ஆமிக்காரர்கள் சொன்னது வேறு. பூங்கொத்து பிந்தி வந்தது என்று கோபப்படுகிற ஜினெட்டைப் பார்க்க எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்கவும் தோன்றியது, அடி விசரி, பிந்தியாவது வந்ததே என்று உலுக்கவும் தோன்றியது.

"இவையளும் வந்திட்டினம்." இது தமிழில் சொல்லப்படவில்லை, ஆனால் எனக்குத் தமிழிலேயேதான் கேட்டது. பக்கத்து வரிசையில் தொப்பி போட்ட ஒரு மனுஷன், தன் பெண்சாதியிடம் சொல்கிற மாதிரி எல்லோருக்கும் கேட்க, "குடியுரிமைத் தாளில் மை காயவில்லை, அதற்குள் எங்கள் தலைவிதியை எழுத வந்துவிட்டார்கள்" என்றான். நான் என் சப்பாத்தைப் பார்த்தேன். இப்படியான நேரத்தில் எங்களுக்குச் சப்பாத்தைப் பார்க்க நன்றாக வரும். ஜினெட் திரும்பினாள். குள்ளமானவள், ஆனால் ஆலையில் மேற்பார்வைக்காரனே அவள் வாய்க்குப் பயந்தவன். "இவள் எட்டு வருஷமாக இங்கே வேலை செய்து வரி கட்டுகிறாள். இவள் பிள்ளை உன் பிள்ளையை விட நல்ல பிரெஞ்சு கதைக்கும். நாடு கேட்பது என்றால் என்னவென்று உன்னை விட இவளுக்குத் தெரியும். வாயை மூடு." மனுஷன் வாயை மூடினான். ஜினெட் என் கையைப் பிடித்து அமர்த்திவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அவள் கை பட்ட இடம் சுட்டது. அவள் என்ன நினைத்துக்கொண்டு அப்படிப் பேசினாள் என்று எனக்குத் தெரியாதா? நான் வுய் போடுவேன் என்று நினைக்கிறாள். கேட்கவே இல்லை, ஒருநாளும் கேட்டதில்லை, அவ்வளவு நிச்சயம். கேட்டிருந்தால் சொல்லித் தொலைத்திருப்பேன். சரி, வுய்யே போட்டுவிடுகிறேன். அவளுக்காக, அவள் தாயின் சட்டைக்காக, அப்பாவின் மேசைக்காக. ஒரு கோடு, அதன்மேல் குறுக்கே ஒரு கோடு. யாருக்கு நஷ்டம்? வரிசை கிடுகிடுவென்று நகர்கிறது, இவ்வளவு நேரமும் நகராத வரிசை, நான் ஒன்றும் முடிவெடுக்காத இந்த நேரம் பார்த்து.

அப்பா கடைசியாக வாக்குப் போட்டது எண்பத்து மூன்று மே மாதம். உள்ளூராட்சித் தேர்தல். வாக்குப் போடப் போகக்கூடாது என்று இயக்கப் பெடியள் மதிலெல்லாம் எழுதியிருந்தார்கள். ஒழுங்கையில் ஒருவரும் போகவில்லை. அப்பா குளித்து, வேட்டி மாற்றி, குடையை எடுத்துக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வந்தார். அம்மா வாயில் அடித்துக்கொண்டா. "ஏன் போனீங்கள்? உங்களுக்கென்ன விசரே?" "கூப்பிட்டாங்கள். போனன்." அம்மா எலுமிச்சம்புளி போட்டுத் தேய்த்தா, சாம்பல் போட்டுத் தேய்த்தா, மை போகவில்லை. கடைசியில் சேலைத் துணி கிழித்து, வெட்டுக் காயம் மாதிரி அந்த விரலைச் சுற்றிக் கட்டினா. அதற்குப் பிறகு நகம் வளர்ந்து தீரும்வரைக்கும் அப்பா இடதுகையை வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டுதான் படலைக்குப் போவார். யாருக்குப் போட்டாரென்று அந்த மை சொல்லாது. வந்து போனார் என்று மட்டும்தான் சொல்லும். அதையே ஒளிக்கவேண்டி வந்துவிட்டது. அந்த விரலைத்தான் இப்போது நினைக்கிறேன், அம்மா இந்த நேரம் எங்கே நிற்கிறா என்று நினைக்கப் போய் அந்த விரல்தான் வருகிறது.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். தவமலர் என்பதை எழுத்து எழுத்தாக உடைத்தார்கள், பரவாயில்லை. ஜினெட் போட்டுவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டாள். அட்டைத் தடுப்புக்குப் பின்னால் நான், ஒரு தாள், ஒரு குட்டைப் பென்சில். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் கேள்வி. இரண்டு வட்டம். எழுபத்தேழில் எனக்கு இதற்கு ஒரு கணம்கூடத் தேவைப்படவில்லை. அந்த ஆம் பிழை என்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன், யார் வந்து கேட்டாலும் சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஆம் நடந்து நடந்து போய் இந்த நேரம் நாவற்குழிப் பாலத்தில் மழையில் நிற்கிறது, மடங்காத முழங்காலோடு. ஜினெட், உன் ஆமுக்கு அப்படி வராது. வராதென்று எனக்குத் தெரியும். என் கைக்குத் தெரியவில்லை. இன்னொரு கோடு, இன்னொரு சோதனைச் சாவடி, ஆரணியைக் கரியரில் வைத்து இவர் தள்ளுகிறார், அரிசியை வையுங்கோ நான் நடப்பன் என்று சொல்கிறது என் குரல். என்னால் ஏலாது. நான் நோனுக்குப் போட்டேன். அழுத்திப் போடவில்லை, ஆனால் தெளிவாகப் போட்டேன். நாட்டை வெறுத்தல்ல, இவளை வெறுத்தல்ல, பயத்தில்.

தாளை மடித்துக் கொண்டு போய்ப் பெட்டிக்குள் போட்டேன். மேசைக்குப் பின்னால் இருந்த இளைஞன் நன்றி சொன்னான். நான் போகவில்லை. அவன் முன்னால் நின்றுகொண்டே இருக்கிறேன், ஏன் நிற்கிறேன் என்று எனக்கே பிடிபடவில்லை, குனிந்து பார்த்தால் என் இடதுகை மேசைமேல் நீட்டியபடி இருக்கிறது. நாலு விரலும் மடங்கி, சின்னவிரல் மட்டும் நீண்டு. "மதாம்?" என்கிறான் அவன். விரலைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான், காயமோ என்று கேட்கிறான். தொப்பிக்காரன் அங்கிருந்து பார்க்கிறான். எனக்குக் கையை இழுக்கத் தோன்றவில்லை. பூசுங்கள் என்று சொல்லவேண்டும் போல இருந்தது. நானும் வந்தேன் என்று ஒரு பொட்டு. வெட்கம் பிறகுதான் வந்தது, காது வரைக்கும் வந்தது. வெளியே ஓடி வந்தேன்.

நடைக்கூடத்தில், பிள்ளைகளின் குட்டிக் கோட்டு மாட்டுகிற கொளுக்கிகளுக்குக் கீழே ஜினெட் காத்திருந்தாள். கதவுக்குள்ளால் பார்த்திருக்கிறாள். "விரலுக்கு என்ன?" சொன்னேன். எங்கள் ஊரில் மை பூசுவார்கள். அது போகாது. "அதில் என்ன போட்டாய் என்று தெரியுமா?" "இல்லை. வந்தாய் என்று மட்டும் தெரியும்." ஜினெட் யோசித்தாள். பிறகு கைப்பைக்குள் கையை விட்டு, அந்தப் பட்டியை ஒருபக்கம் ஒதுக்கிவிட்டு, ஆலையில் துணிக்குக் கோடு போடுகிற நீலப் பேனாவை எடுத்தாள். "தா." என் கையை வாங்கி, நகத்தில் பூசத் தொடங்கினாள். தையல்காரியின் கை, வெளியே ஒரு சொட்டுப் போகவில்லை. இந்தக் கையிடம் பொய் சொல்ல முடியாது. சொல்லாமல் இருப்பதும் பொய்தான்.

"ஜினெட், நான் நோன் போட்டேன்."

பேனா நின்றது. அவள் நிமிரவில்லை. என் விரல் அவள் விரல்களுக்குள் இருக்கிறது, அரை நகம் நீலம், அரை நகம் வெறுமை. வெளியே யாரோ சிரித்துக்கொண்டு கதவைத் திறந்தார்கள், குளிர் உள்ளே வந்தது, கதவு மூடியது. விட்டுவிடப் போகிறாள் என்று நினைத்தேன். விட்டால் நான் ஒன்றும் கேட்கமாட்டேன், மேலே ஏறிப் போய் போனுக்குப் பக்கத்தில் இருந்துவிடுவேன். பிறகு பேனா மறுபடி ஓடியது. மிச்ச நகத்தையும் பூசி முடித்தாள், நகக்கண் வரைக்கும். கண் சிவந்திருந்தது, என்மேல் கோபமாகத்தான் இருந்தாள், கோபத்தை மறைக்கவுமில்லை. பேனாவை என் கையில் திணித்துவிட்டுத் தன் இடதுகைச் சின்னவிரலை நீட்டினாள்.

"எனக்கும் போடு. நானும்தான் வந்தேன்."

போட்டேன். மை கொஞ்சம் நகத்துக்கு வெளியே போய்விட்டது. "சரி, வா," என்றாள், "உன் வீட்டுப் போன் அடிக்கும்." வெளியே வந்து நடந்தோம். தெருவில் வீட்டுக்கு வீடு தொங்குகிற அட்டைகளில் வுய், நோன், வுய், வுய், நோன். குளிர். பாதி வழியில்தான் கவனித்தேன், என் இடதுகை எப்போதோ தானாகப் போய்க் கோட்டுப் பைக்குள் ஒளிந்திருக்கிறது. அப்பாவின் கை மாதிரியே. விறைத்துப் போகும் என்று தெரிந்தும் வெளியே எடுத்தேன், வீடு வரைக்கும் வெளியிலேயே வைத்துக்கொண்டு நடந்தேன்.